மூன்றாம் மாடிக்கு வந்த நிழல்

கத்திரி வெயில் தொடங்கிய அன்று எங்கள் ஓட்டல் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி, கிளைகளை ஒரு லாரியிலும் அடிமரத்தை இன்னொரு லாரியிலும் ஏற்றியனுப்பி, வேர் இருந்த குழியை மூடிச் சிமெண்டு பூசி, பூசிய சிமெண்டைத் தண்ணீர் தெளித்து ஆற்றிய பிறகும், மரத்தின் நிழல் மட்டும் தான் வழக்கமாக விழுகிற இடத்தில் வழக்கம்போல விழுந்து கிடந்தது. பூங்காவனமும் வழக்கம்போல அதற்குள் தன் இஸ்திரி வண்டியை நிறுத்தி, பெட்டியில் கரி போட்டு ஊதி, எங்கள் சட்டைகளையும் புடவைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே மரம் இல்லையே என்று காவலாளி ஒருமுறை அண்ணாந்து பார்த்துச் சொன்னதற்கு, இருபத்திரண்டு வருஷமாக இங்கேதான் கிடக்கிறது, திடீரென்று எங்கே போகும் என்று கேட்டாள். அது நியாயமாகப் பட்டதால் அவரும் தன் நாற்காலியை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஓட்டல் என்று சொன்னாலும் அது சாப்பாட்டு ஓட்டல் இல்லை. நகரத்தின் நட்டநடுவில், ரயில் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடக்கிற தூரத்தில், சமையலறையோடு கூடிய வீடுகளை நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் விடுகிற சர்வீஸ் அபார்ட்மெண்ட். பெயர் சந்திரகாந்தம் ரெசிடென்சி. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பர்னர் அடுப்பு, நான்கு தட்டு, நான்கு டம்ளர், எந்த ஊரிலும் இல்லாத ஓர் அருவியின் படம். நாங்கள் பதினொரு குடும்பம் மூன்றாம் மாடி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பொன்னி அடுக்ககத்துக்கு நாற்பது வயதாகிவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பில்டர், வெயில் காலத்தில் ஆள் வராமல் பாதி காலியாகக் கிடந்த தன் மைத்துனரின் இந்த ஓட்டலில் எங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார். கட்டடம் இடிந்ததே தவிர எங்கள் உரிமையாளர் நலச் சங்கம் இடியவில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் பொதுக்குழு கூடியது. இல்லாத மொட்டைமாடியில் துணி காயப்போடுவது பற்றிய விதி திருத்தப்பட்டது. இல்லாத தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் துணைக்குழு, கழுவவில்லை என்று கண்டிக்கப்பட்டது. செயலாளர் கோதண்டபாணி துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்.

மரத்தை வெட்டியதற்கும் எங்களிடம் ஒரு தீர்மானம் இருந்தது. ஓட்டலின் பெயர்ப்பலகையை மரம் மறைக்கிறது, நீண்ட நாள் தங்கியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்று மேலாளர் செல்வின் காகிதத்தோடு வந்தபோது, எங்கள் கார்களின் மேல் விழும் காக்கை எச்சத்தை நினைத்துக்கொண்டு ஏகமனதாக நிறைவேற்றிக் கொடுத்தோம். அந்த ஏகமனதில் என் மனதும் ஒன்று.

அந்த வருஷத்து வெயில் எங்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. காலை எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் காபி கலக்கும் பதத்தில் தண்ணீர் வந்தது. சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. உறை ஊற்றிய பால் விடிவதற்குள் புளித்து, சண்டை போட்ட தம்பதி மாதிரி தண்ணீர் வேறு தயிர் வேறாகப் பிரிந்து நின்றது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் எல்லா வீட்டு ஏசியையும் தாங்கமாட்டாமல் பகல் பன்னிரண்டுக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்தது.

கீழே நிழலில் கூட்டம் சேர்ந்தது. ஆட்டோக்காரர்கள், கூரியர்காரர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று களைத்தவர்கள் எல்லாரும் வந்து உட்கார, பெயர்ப்பலகை இவ்வளவு நன்றாகத் தெரிந்தும் வாசல் பஸ் ஸ்டாப் போலாகிவிட்டதே என்று செல்வின் வருந்தினார். அவர் ஓட்டல் நிர்வாகம் படித்தவர். பாடத்தில் இது வரவில்லை. முதலில் நிழலைப் பெருக்கச் சொன்னார். பெருக்கினார்கள்; ஒரு கூடை சருகு வந்தது. பிறகு குழாயை வைத்துக் கழுவச் சொன்னார். கழுவினார்கள், நனைந்த நிழல் இன்னும் குளிர்ந்து, இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். கடைசியில் பச்சைப் பிளாஸ்டிக் புல் வாங்கி அதன்மேல் விரித்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் அசையாமல் இருந்துவிட்டு, நிழல் புல்லின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

இதையெல்லாம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணிக்குத்தான் அந்த யோசனை வந்தது. சங்கத்தின் தீர்மானத்தால் வெட்டுப்பட்ட மரம் என்றால், அதில் மிஞ்சியது சங்கத்தைச் சேர்ந்ததுதானே. ஒரு சனிக்கிழமை பிற்பகல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீழே போய், நிழலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மேலே வந்து எங்களோடு தங்க வேண்டும் என்று மரியாதையாக அழைத்தார். பூங்காவனம் அப்போது அடுத்த தெருவுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். வாசலை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது செல்வினுக்கு. ஆனாலும் வெளியார் யாரும் தரைத்தளத்தைத் தாண்டுவதென்றால் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது விதி. பெயர்: நிழல். வந்த ஊர்: இதே முகவரி. தங்கும் காரணம்: வெயில். ஆதார் அட்டை இல்லாததால் படம் பிடித்தார்கள். படம் கறுப்பாக வந்தது. எல்லாருடைய ஆதார் படமும் அப்படித்தான் இருக்கிறது என்று சமாதானமாகி ஒட்டினார்கள்.

கரண்ட் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. நிழல் படியேறி வந்தது. பெரிய உடம்புக்காரர் ஒருவர் ஏறுவதுபோல ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மடங்கி, மூச்சு வாங்கி ஏறியது. இலைகளின் இடுக்கில் ஒழுகும் சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்கள் படிக்குப் படி உருண்டு வந்தன. மாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். குலுக்கல் போட்டோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்.

முதல் வாரத்திலேயே பழகிவிட்டோம். நல்லதற்குப் பழக எங்களுக்கு எப்போதும் அதிக நாள் ஆனதில்லை. நிழல் தங்கிய வீட்டில் தோசைமாவு பொறுமையாகப் பொங்கியது, மல்லிகை மொட்டு சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை, வேர்க்குரு உதிர்ந்தது, கணவன்மார்கள் மனைவியோடு இரண்டு வார்த்தை பேசினார்கள். ஃப்ரிட்ஜின் மேல் ஓர் அணிலின் நிழல் ஏறி இறங்கியது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே காக்கைக் கூட்டின் நிழலில் மூன்று குஞ்சுகளின் நிழல் வாயைப் பிளந்துகொண்டிருக்க, தாயின் நிழல் எங்கிருந்தோ எதையோ கொண்டுவந்து ஊட்டியது. சாயங்காலம் ஆறு மணியானால் அந்த மரத்தின் வழக்கப்படி இலை இலையாக மூடிக்கொண்டு, ஒரு பாயளவுக்குச் சுருங்கித் தூங்கிப் போகும், காலையில் விரியும்.

சச்சரவுகளும் வந்தன. நிழலில் மீன் வறுக்கலாமா என்று ஒரு துணைக்குழு அமைந்தது. தென்மேற்கு மூலையில்தான் நிழல் படுக்க வேண்டும் என்று ஒரு வாஸ்து நிபுணர் வந்து சொல்லிப் போனார். நிழல் தனக்குப் பிடித்த இடத்தில் படுத்தது. நடு வீட்டுப் பத்மாசனி தன் முறை வந்த அன்று வாசலில் கோலம் போட்டு, நிழலின் நாலு பக்கமும் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். "நான் ஒண்ணும் தப்பா சொல்லலை. தெருவுல கிடந்ததோல்லியோ, யார் யாரெல்லாம் அதுல உக்காந்தாளோ" என்றாள். நாங்கள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

பூங்காவனம் அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தபோது வண்டி வெயிலில் நின்றது. சிமெண்டு பூசிய வட்டத்தைப் பார்த்தாள், பிறகு எங்கள் பால்கனிகளைப் பார்த்தாள், பெட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். மேலே சூரியன், கையில் கரிப் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் அவள். வண்டியில் ஒரு குடையைக் கட்டினாள். கரியிலிருந்து தீப்பொறி பறந்து குடையில் ஓட்டை விழுந்தது. தார்ப்பாய் கட்டினாள், பெயர்ப்பலகை மறைகிறது என்று செல்வின் அவிழ்க்கச் சொன்னார். எங்கள் துணிகள் மட்டும் முன்போலவே போய்வந்தன. அவசரம், அவசரம் என்று பால்கனியிலிருந்து நாங்கள் கத்துவதும் முன்போலவே நடந்தது.

எட்டாம் நாள் அவள் ஒரு பேண்டின் மேல் சரிந்து விழுந்தாள். மோர் கொடுத்தோம், உப்புப் போட்டு. மாநகராட்சி மருத்துவமனை டாக்டரம்மா, இன்னொரு தரம் வெயிலில் நின்றால் எழுந்திருக்க மாட்டாய் என்று சொல்லி அனுப்பினார். வண்டியை எடுத்துக்கொண்டு நாலு நாள் போனால், துணி வாங்கிப் போக வேன் அனுப்புகிற கம்பெனி அந்தத் தெருவைப் பிடித்துக்கொள்ளும். நின்றால் உயிர் போகும், நிற்காவிட்டால் பிழைப்பு போகும். கத்திரி முடிய இரண்டு வாரம் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் பொதுக்குழு நடந்துகொண்டிருந்தபோது அவள் வந்தாள். ரொட்டி வாட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரில் சாயாமல் நின்றாள்.

"பூங்காவனம், கூட்டம் நடக்குது" என்றார் கோதண்டபாணி.

"தெர்யும் சார். அதான் வந்தேன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னுதுன்னு நான் சொல்லல. பத்து மணிலேர்ந்து நாலு மணி வரிக்கும் கீய அனுப்புங்க. மிச்ச நேரம் நீங்களே வெச்சிக்குங்க. கத்திரி முடியற வரிக்கும்தான்."

விஷயம் நிகழ்ச்சிநிரலில் இல்லை என்று ஒருவர் சொன்னார். சங்க உறுப்பினர் அல்லாதவர் கோரிக்கை வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். பதிவேட்டில் எழுதி உள்ளே வந்த விருந்தினரைத் தெருவுக்கு அனுப்புவது பண்பாடா என்று மூன்றாமவர் கேட்டபோது பலர் தலையாட்டினார்கள். பத்மாசனி மட்டும் இரக்கத்தோடு, ஒரு பத்து நாள் ஊருக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்டாள்.

"எந்த ஊருக்கும்மா? இதான் ஊரு."

கோதண்டபாணி புத்தகத்தை மூடினார். "நல்லா யோசிச்சுப் பாரு. மரமே இல்லை. அப்புறம் நிழல்ல உனக்கு என்ன பாத்தியதை?"

"வூடே இல்ல, சங்கம் மட்டும் கீதே சார்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். வாக்கெடுத்தோம். கோரிக்கைக்கு எதிராக ஏழு, ஆதரவாக மூன்று, நடுநிலை ஒன்று. அந்த ஒன்று நான். என் கை உயர்ந்திருந்தாலும் ஏழுக்கு நாலு என்று தோற்றுத்தான் போயிருக்கும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்த பிறகே நடுநிலை வகித்தேன். நடுநிலை என்பது எழுதிப் பார்க்க அழகான சொல். நிழலைக் கீழே அனுப்பக்கூடாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. பூங்காவனம் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதுதான் இன்று வரை காதில் கேட்கிறது.

குலுக்கலில் எனக்குப் பதினோராவது சீட்டு. தனியாக இருக்கிறவளுக்கு ஒரு முழு நிழல் எதற்கு என்று சிலர் முணுமுணுத்தும், என் முறை வந்தது. கூடத்தில் பழைய வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றை விரித்து வைத்தேன். நிழல் வந்து அதன்மேல் படுத்தது. இலைகள் துணியில் அசைவதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குத் துணி வாங்கப் பூங்காவனம் மணியடித்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. நான் உள்ளே போய், பெட்ஷீட்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து மடித்து, மற்றத் துணிகளோடு கொண்டுவந்து கொடுத்தேன். நிழலை அனுப்பக்கூடாது என்றுதான் தீர்மானம். துணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

எப்போதும்போல எண்ணினாள். "ரெண்டு பொடவை, ஒரு ரவிக்கை, ஒரு பெட்ஷீட்டு." கை அங்கேயே நின்றது. விரல்களை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "இன்னாம்மா இது, ஜில்லுனு கீது?"

"பெட்ஷீட். ரொம்பச் சுருக்கம். நிதானமா விரிச்சுப் போட்டுத் தேய். திருப்பித் தரலைன்னாலும் பரவாயில்லை."

என்னை ஒரு கணம் பார்த்தாள். நன்றி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. "குடுத்தத திருப்பித் தராம இருந்ததில்லம்மா நானு. ஒரு கர்ச்சீப்புகூட. நாலு உருப்படி. ஆறு மணிக்குக் கொண்டாறேன்."

அன்று பகல் முழுவதும் தெருவில் நிழல் இருந்தது. ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், காவலாளியின் நாற்காலி வந்தது, ஆஸ்பத்திரிக்கு மூட்டையோடு வந்த ஒரு குடும்பம் அதில் புளிசாதம் பிரித்துச் சாப்பிட்டது. பூங்காவனம் நிமிராமல் தேய்த்தாள். ஆறு மணிக்கு, இலை மூடும் நேரத்துக்குச் சரியாக, என் கதவுக்கு வந்து நாலு உருப்படியையும் எண்ணி வைத்தாள். பெட்ஷீட் எட்டாக மடித்து, கத்திபோல மடிப்பு விழுந்து, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பிரித்தபோது உள்ளே நிழல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு இலைகூடக் குறையவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு நடுவே அவசரக் கூட்டம் போட்டார்கள். கோதண்டபாணி என்னைக் கோபிக்கவில்லை. "மேடம், உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை" என்று மட்டும் சொன்னார், அவருக்கு அதைவிடக் கடுமையாகப் பேசத் தெரியாது. இனி மூன்றாம் மாடியிலிருந்து பெட்ஷீட் இஸ்திரிக்குப் போகக்கூடாது என்று தீர்மானமானது. வேட்டியில் மடித்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்க, எந்தத் துணியும் போகக்கூடாது என்று திருத்தப்பட்டது. எங்களைப் பார்த்து இரண்டாம் மாடியும் நிறுத்தியது. முதல் மாடிக்கும் அடுத்த தெருவுக்கும் காரணமே தெரியாது, ஆனாலும் நிறுத்தின.

நிழலும் போய், துணியும் போய், பூங்காவனம் ஐந்து நாள் வெறும் வண்டியோடு நின்றாள். மேலே நாங்கள் குளிர்ச்சியாகவும் கசங்கியும் இருந்தோம். அறைகளில் சின்ன இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதைச் செருகினால் ஃபியூஸ் போயிற்று.

ஆறாம் நாள் காலை பூங்காவனம் கரி போடவில்லை. வண்டியின் சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்தாள், வண்டியைத் திருப்பினாள். அன்று நிழல் பத்மாசனி வீட்டில், இரண்டாவது சுற்று. அவள் அதன் நடுவில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்த இடம் திடீரென்று சுட்டதும்தான் நிழல் எழுந்துவிட்டது தெரிந்தது. அவள் நில்லு நில்லு என்றபடி தாழ்வாரம் வரை வந்தாள். வீட்டை விட்டுப் போகிறவர்களிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள், சாப்பிட்டுவிட்டாவது போகலாமே என்றும் கேட்டாள். நிழல் அணிலையும் காக்கைக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு படியிறங்கியது. வெளியேறும் நேரம் எழுத வேண்டுமென்று செல்வின் பதிவேட்டோடு ஓடி வந்தார். நிழல் பதிவேட்டின் மேல் ஏறி இறங்கி, செல்வினின் மேல் ஏறி இறங்கி, பிளாஸ்டிக் புல்லைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வண்டி நூறடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பூங்காவனம் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் குளிர்ச்சி பட்டபோது நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள், அவ்வளவுதான்.

நிழல் போன இரண்டாம் நாள், பொன்னி அடுக்ககத்துக்குப் பூமி பூஜை என்று பில்டர் சொல்லியனுப்பினார். படமெடுப்பார்கள். பதினொரு குடும்பத்தில் கசங்காத துணி ஒன்றுகூட இல்லை. கோதண்டபாணி பட்டு வேட்டியோடும், பத்மாசனி கூரைப்புடவையோடும், நான் ஒரு நூல் புடவையோடும் பெரிய சாலையைக் கடந்து விசாரித்துக்கொண்டு போனோம். மின்வாரியத்தின் நீண்ட மதில், அதன் ஓரத்தில் எந்தக் காலத்திலும் ஒரு செடிகூட இருந்ததில்லை. அங்கே நிழல் விழுந்து கிடந்தது, எங்கள் வீடுகளில் இருந்ததைவிட இரண்டு மடங்காக. நடுவில் வண்டி. சுற்றிலும் ஆட்டோக்காரர்கள், கூரியர்காரர்கள், இளநீர் விற்கிறவர், துணி கொடுக்க நிற்கும் இருபது பேர்.

ஒருவர் மட்டும் டேப்பை நீட்டி நிழலை அளந்துகொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்துச் சங்கத்துப் பொருளாளர் என்று சொன்னார். நாலு கார் தாராளமாக நிற்குமாம்.

"இது யாருதுங்க?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குப் பின்னால் என்ன வரும் என்று நாற்பது வருஷமாகக் கேட்டவள் நான். அவர் வாயைத் திறப்பதற்குள், "அந்தம்மாவோடது" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

பூங்காவனம் தேய்ப்பதை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"என்னுதும் இல்ல. நான் வேல செய்றேன், அது நிக்குது. நவுருங்க எல்லாரும், பொட்டி சூடா கீது."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர் நகர்ந்தார். கோதண்டபாணி நகர்ந்தார், பத்மாசனி நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். நகர்ந்த இடத்தில் வெயில் இருந்தது. எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். கசங்கிய துணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முறை வரும்வரை அதில் நின்றோம்.